ஒரு கிரவுண்டு பூங்காவால் என்ன பயன்?

கேள்வி: சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு கிரவுண்டு அளவுக்குப் பொது இடம் இருக்கிறது. இவ்வளவு சிறிய இடத்தில் பூங்கா அமைத்தால் சுற்றுச்சூழலுக்குப் பயன் உண்டா? சேறாகாமல் இருக்கத் தரை முழுவதும் பேவர் பிளாக் பதிக்கலாமா?

பதில்: பயன் உண்டு, மண் திறந்திருக்கும் வரைதான் உண்டு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். எனவே கார்த்திகை அடைமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால், உங்கள் இடத்தில் மட்டும் 22,300 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டு கொள்ளும் அளவுக்குச் சற்றே குறைவான நீர் விழும். தரையைக் கல்லால் மூடினால் அதில் பெரும்பகுதி தெருவில்தான் தேங்கும்.

மாம்பலம் பக்கம் களிமண் என்பதால், திருவான்மியூர் மணலில் இறங்கும் வேகத்தில் அங்கே நீர் இறங்காது. ஆகவே பூங்காவின் நடுப்பகுதியைச் சாலை மட்டத்தைவிட அரை அடியாவது தாழ்த்தி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழிகளை அங்கே அமையுங்கள். கொசுவைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், இரண்டு மூன்று நாளில் நீர் வடிந்துவிடுமாறு குழிகளைத் தூர்வாரி வைத்திருந்தால் போதும். நடப்பதற்கு நான்கடி அகலப் பாதை ஒன்று போதுமானது. அதற்கு மட்டும், சிமெண்ட் பூசாமல் மணல்மேல் கல் பதியுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் புல்தரையைவிட மர நிழலே பெரிதும் உதவும். புல்தரை நீரைக் குடிக்குமே தவிர நிழல் தராது; அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தாழ்ந்த பகுதியில் ஈரம் தாங்கும் மருதம், புங்கம் ஆகியவற்றையும், நீர் தேங்குவதைத் தாங்காத வேம்பை மேடான ஓரத்திலும் நடலாம். வேர் பரவ இடமில்லாத மரம் புயலில் நிலைக்காது என்பதை 2016 டிசம்பரில் வர்தா நமக்குக் காட்டியது. எனவே மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது சிமெண்ட் வேண்டாம். உதிரும் சருகை எரிக்காமல் அடிமரத்தைச் சுற்றிப் பரப்பினால் கோடையில் மண் காயாது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரு மூலையில் இருந்தால், அவற்றின் இலையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் தாமே வந்து சேரும்.

இத்தனைக்கும், இப்பூங்காவின் குளிர்ச்சி சில வீடுகளைத் தாண்டி எட்டாது. நகரின் புகையை அது உறிஞ்சிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அதன் நிழல் தெருவுக்குள் தொடர வேண்டுமானால் நடைபாதையோரமும் மரங்கள் வேண்டும். பொது இடம் என்பதால், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இப்போதே எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். ஆடியில் குழி வெட்டிவிட்டால், புரட்டாசிக்குள் கன்றுகளை நட்டுவிடலாம்.