கல்வெட்டுக்கு அப்புறம் என்ன? புதிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: கேள்வி பதில்

ஆய்வக இயற்பியலில் தொடங்கி, புதிய பல்கலைக்கழகங்களுக்கான திட்டக் குழுக்களில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். வளரும் நாட்டில் இப்படி ஒன்றைத் தொடங்குவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நுழைவுத் தேர்வு, அரசியல் இரண்டும் என் பேட்டை இல்லை.

கேள்வி (அமைச்சகத்தில் பணியாற்றுபவர்): குறைந்தது எத்தனை ஏக்கர் நிலம் வேண்டும்?

எல்லாரும் இங்கேதான் ஆரம்பிக்கிறீர்கள். காரக்பூர் ஐஐடி 1951இல் ஹிஜ்லி என்ற இடத்தில், பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளை அடைத்து வைத்திருந்த தடுப்புக்காவல் முகாமில் தொடங்கியது. கான்பூர் ஐஐடி 1959 டிசம்பரில் வேறொரு தொழில்நுட்ப நிறுவனத்தின் கேன்டீன் கட்டடத்தை இரவல் வாங்கித் தொடங்கியது. நிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒதுக்கி வையுங்கள். ஆனால் முதல் சில வருடங்கள் இரவல் கட்டடத்தில் நடத்தினால் ஒரு பெரிய லாபம் உண்டு. ஆய்வகம் வரைபடத்தில் இருக்கும்போதே அதில் வேலை செய்யப்போகிற ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். "இந்தத் தொட்டி இங்கே வேண்டாம், கழிவுநீர்க் குழாய் அந்தப் பக்கம் போகிறது" என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பார். கட்டி முடித்துவிட்டு ஆசிரியரைத் தேடினால், அவர் வந்ததும் முதல் வேலையாகச் சுவரை உடைப்பார்.

கேள்வி (கட்டடக் கலைஞர்): ஆய்வகக் கட்டடங்களில் அடிக்கடி விட்டுப்போவது எது?

கதவு. நான் இருந்த ஒரு நிறுவனத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று மரப்பெட்டியோடு வராந்தாவில் பல மாதங்கள் கிடந்தது. வாசல் நிலை நாலு விரல்கடை குறைவு. மழைச்சாரல் பெட்டியில் படாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடினோம். தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் சாப்பிடப் போவார்கள். கடைசியில் நிலையைப் பெயர்த்து உள்ளே கொண்டு போனால், அந்த அறை லிஃப்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. லிஃப்ட் மோட்டாரும் மின்மாற்றியும் உண்டாக்கும் காந்தப்புலம் நுண்ணோக்கியின் பிம்பத்தைக் கலங்கடிக்கும். அதிர்வும் ஆகாது. தரைத்தளம், லிஃப்டிலிருந்து தள்ளி, சாலையிலிருந்து தள்ளி. இது பாலபாடம். ஆனால் தரைத்தளத்தை எப்போதும் நிர்வாக அலுவலகம் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது புகைப்போக்கி அலமாரி. வேதியியல் ஆய்வகத்தில் நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் அந்த அலமாரி, நீங்கள் செலவழித்துக் குளிர்வித்த காற்றையும் சேர்த்தேதான் தள்ளும். வெப்ப நாட்டில் இருபது அலமாரி நாள் முழுக்க ஓடினால் மின்கட்டணம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். முன்பக்கக் கண்ணாடியை இறக்கி வைக்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

நுண்கருவிகளுக்குத் தனி எர்த்திங் கொடுங்கள். தடையில்லா மின்சாரத்துக்கான அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். பேட்டரிகளை மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கேள்வி (வேதியியல் ஆசிரியை): நல்ல என்எம்ஆர் கருவி (மூலக்கூறுகளின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறிவது) ஒன்று தானமாக வருகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

கோயிலுக்கு யானை தானம் வருவது மாதிரிதான் அம்மா. யானை இலவசம், தீனி யார் போடுவது? அதன் மீக்கடத்தி காந்தம், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் கம்பிச் சுருள், மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஒரு மாதிரியைக்கூட ஓட்டாவிட்டாலும் ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஹீலியம், வாராவாரம் போல் திரவ நைட்ரஜன் ஊற்றியாக வேண்டும். சுங்கத்தில் ஹீலியம் மாட்டிக்கொண்டு அளவு கீழே போனால், காந்தம் மீக்கடத்தும் தன்மையை இழந்து, மிச்சமிருந்த ஹீலியம் முழுவதும் ஒரே மூச்சில் வாயுவாகச் சீறிக்கொண்டு வெளியேறும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

வாங்குங்கள், ஆனால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: ஹீலியத்துக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு, நைட்ரஜன் திரவமாக்கும் எந்திரம், நிரந்தரப் பணியில் ஒரு டெக்னீஷியன். இந்த மூன்றாவதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் இல்லாமல் கருவி ஒரு வருடம் ஓடும். டெக்னீஷியன் இல்லாமல் ஒரு மாதம் ஓடாது.

கேள்வி (தொழிலதிபர்): நூறு ஏக்கர் தர நான் தயார். போதுமா?

மனம் பெரிது. முதல் பதிலைப் பாருங்கள். நிலத்துக்குப் பதில் பத்து வருடத்துக்கு டெக்னீஷியன் சம்பளம் தர முடியுமா?

கேள்வி (பொருளாதாரம் படிப்பவர்): அடிப்படைக் கேள்வி. ஏற்கெனவே இருக்கும் பல்கலைக்கழகங்கள் பணமில்லாமல் தவிக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று?

நியாயமான கேள்வி. இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் தென் கொரியா, நானும் அதையே காட்டுகிறேன். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் டெர்மன் தலைமையில் ஒரு குழு போய் அறிக்கை தந்தது. 1971இல் முதுநிலைப் படிப்புக்கு மட்டுமான கெய்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. அந்த நாட்டின் முன்னணி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான இன்றைய கெய்ஸ்டின் வேர் அதுதான். சூட்சுமம் எங்கே என்றால், அதைக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வைக்காமல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள். சம்பள விகிதம், பாடத்திட்டம், நியமனம் எதிலும் பழைய விதி கிடையாது. மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையில் சலுகையும் கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகும் பையனை உள்ளூரில் உட்கார வைத்ததில் அந்தச் சலுகைக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய பல்கலைக்கழகத்துக்குள் இதைச் செய்யப் போயிருந்தால் பத்து வருடம் கமிட்டிதான் நடந்திருக்கும்.

அதே வாசகர்: கொரியாவில் அப்போதே தொழிற்சாலைகள் வளர்ந்துகொண்டிருந்தன. படித்தவனுக்கு வேலை இருந்தது. இங்கே நடப்பது வேறு: புதிய நிறுவனம் இரண்டு மடங்கு சம்பளம் தந்து பழைய பல்கலைக்கழகத்தின் நல்ல ஆசிரியர்களை அள்ளிக்கொண்டு போகும். நாட்டின் மொத்தக் கணக்கில் ஒருவர்கூடக் கூடவில்லை.

ஒத்துக்கொள்கிறேன். இதைத் திட்ட அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறைத்து நம் தொட்டியை நிரப்புகிற வேலை. நான் இருந்த ஒரு குழுவிலும் இதுதான் நடந்தது. பழைய பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையிலிருந்து நாலு பேர் கிளம்பினார்கள், அங்கே முதுநிலை வகுப்பே நின்றுபோனது. நாங்கள் அதை "வெற்றிகரமான ஆள்சேர்ப்பு" என்று எழுதினோம்.

இன்னொருவர் (ஓய்வுபெற்ற பேராசிரியர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பழையதைச் சீர்திருத்த நானும் பதினைந்து வருடம் முயன்றேன். ஒரு பாடத்தின் பெயரை மாற்ற மூன்று அவைகள் ஏற வேண்டும். அங்கே போடும் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர். புதிதாகத் தொடங்குவதே வழி.

ஐயா, உங்கள் அலுப்பு எனக்கும் உண்டு. ஆனால் அந்த மூன்று அவைகளையும் புதிய நிறுவனத்தின் சட்டத்திலேயே அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிடுகிறார்களே! புதுக் கட்டடம், பழைய விதி. அப்படியானால் பொருளாதாரக்காரர் சொல்வதே சரி, தொடங்காமல் இருப்பது மேல்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 2003இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பக்கத்தில் மியூசன்பெர்க்கில் ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பழைய ஹோட்டல்தான் கட்டடம். மாணவர்களுக்கு ஒரு வருடப் படிப்பு. பாடம் நடத்துகிறவர்கள் உலகெங்கும் இருந்து சில வாரங்களுக்கு வந்து போகிறவர்கள். பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் கூட்டாளிகள், ஆகவே யாருடைய ஆசிரியரையும் இழுக்க வேண்டியதில்லை. பின்னால் செனகல், கானா, ருவாண்டா என்று பரவியது.

பொருளாதாரம் படிப்பவர்: கணிதத்துக்கு அது சரி. பொறியியலுக்கு?

பிடித்துவிட்டீர்கள். கணிதத்துக்குக் கரும்பலகையும் கணினியும் போதும். பட்டறையும் உலையும் மூன்று வாரத்துக்கு வந்து போகாது. அங்கே நான் சொல்வது கூட்டு நியமனம்: ஓர் ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் பழைய இடத்தில், மூன்று நாள் புதிய இடத்தில். கருவிகள் இரண்டு இடத்து மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டு நிர்வாகமும் முனகும். முனகட்டும். இதற்கு மேல் என்னிடம் மருந்து இல்லை. கேள்விகள் குவிந்துவிட்டன, நகர்கிறேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுத் துறையை முதலில் தொடங்கலாமா?

கணிதம், புள்ளியியல் ஆசிரியர்கள் இருக்கிறார்களா? இருந்தால் தொடங்கலாம். இல்லையென்றால் பெயர்ப்பலகை மட்டும் தொடங்கும்.

கேள்வி: பத்து வருடத்தில் உலகத் தரவரிசையில் முதல் இருநூறுக்குள் வர என்ன செய்ய வேண்டும்?

வேறு யாரையாவது கேளுங்கள்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): எங்கள் நாட்டில் தொழிற்சாலையே அதிகம் இல்லை. படித்தவர்கள் எங்கே போவார்கள்?

இது மனதுக்குப் பிடித்த கேள்வி. இரண்டு ஊர்களைப் பாருங்கள். பிரேசிலில் சாவோ ஜோசே தோஸ் காம்போஸ் நகரில் 1950இல் விமானப் பொறியியல் கல்லூரி ஒன்று தொடங்கியது, பெயர் ஐடிஏ. விமானப்படை அதிகாரி காசிமிரோ மாண்டிநீக்ரோ, அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்மித்தின் துணையோடு போட்ட திட்டம். அப்போது அந்த நாட்டில் சொல்லும்படியான விமானத் தொழில் இல்லை, சிரித்திருப்பார்கள். பக்கத்திலேயே ஆராய்ச்சி மையம் வைத்தார்கள். அங்கே வடிவமைத்த பாண்டெய்ராண்டே விமானம் 1968இல் பறந்தது. அதைத் தயாரிக்க 1969இல் எம்ப்ரேயர் நிறுவனம் பிறந்தது. கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே பத்தொன்பது வருடம். எந்த அமைச்சர் அவ்வளவு காலம் பதவியில் இருப்பார்?

அடுத்தது கானாவின் குமாசி. அங்கே பல்கலைக்கழகம் 1972இல் தொழில்நுட்ப ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கியது. பெரிய தொழிற்சாலைக்காகக் காத்திருக்கவில்லை. ஊருக்குள் சுவாமே மகசின் என்ற வட்டாரம், பழைய லாரி, கார்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடம். 1980இல் அங்கேயே ஒரு கூடம் போட்டு, லேத், மில்லிங் எந்திரங்களைப் பட்டறைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் நாட்டிலும் அப்படி ஒரு தெரு இல்லாமல் இருக்காது. பல்கலைக்கழகத்தை அந்தத் தெருவுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். தலைநகருக்கு எவ்வளவு பக்கம் என்பதைவிட இது முக்கியம்.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டால் போதாதா?

ஒப்பந்தத்தில் முடியும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கான்பூர் ஐஐடியில் ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் கூட்டு, 1962இல் தொடங்கி 1972இல் முடிந்தது. இடையில் 1963இல் ஐபிஎம் 1620 கணினி வந்தது. வெளியாட்களும் வந்து படிக்கும் குறுகியகாலப் பயிற்சிகள் நடந்தன. வந்தவர்கள் போன பிறகும் வகுப்பு நின்றுபோகவில்லை. பெயரை மட்டும் வாடகைக்கு விடும் ஒப்பந்தங்களில் இது நடக்காது.

கேள்வி: புது நகரம், அதற்கு நடுவில் பல்கலைக்கழகம் என்று ஒரு திட்டம். எத்தனை ஏக்கர்...

ஏக்கர் கேள்வி இது மூன்றாவது. ஈக்வடாரில் யாச்சாய் என்று "அறிவு நகரம்" ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். 2014இல் பல்கலைக்கழகம் திறந்தது, இன்றும் நடக்கிறது. நகரம்தான் வரவில்லை. ஆசிரியரின் மனைவிக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி, ராத்திரி காய்ச்சலுக்கு ஒரு டாக்டர்: இவை இருக்கிற ஊருக்குப் போங்கள்.

கேள்வி (கொள்முதல் அலுவலர்): கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. உத்தரவாதக் காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். "அனுப்பிய நாள்" என்று இருந்தால் அடித்துவிட்டு "நிறுவி, சோதித்து, கையெழுத்தான நாள்" என்று எழுதுங்கள். தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த அந்த நுண்ணோக்கியை நிலை பெயர்த்து உள்ளே கொண்டுபோன அன்று, அதன் உத்தரவாதத்தில் ஐந்து வாரம்தான் மிச்சம் இருந்தது. உதிரி பாகங்களையும் டெக்னீஷியனுக்கான பயிற்சியையும் அதே ஆர்டரில் சேருங்கள். அப்புறம் தனியாகக் கேட்டால் விலை வேறு.

அப்படியே கதவையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.