வேகப் படகு எஞ்சினை நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை விரட்டலாம்?

கேள்வி: என் படகில் இருப்பது செவ்ரோலெ 454 எஞ்சின். புதிதாக ஹைட்ராலிக் ரோலர் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) போட்டிருக்கிறேன். கேமுடன் வந்த அட்டையில் ‘2,000 முதல் 6,200 வரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். 6,000 சுற்றில் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். எந்த வேகத்தில் இந்தக் கேம் நன்றாக இழுக்கும் என்பதை மட்டுமே அந்த அட்டை சொல்கிறது. உங்கள் எஞ்சின் எதுவரை தாங்கும் என்பது வேறு விஷயம். உங்களிடம் இருப்பது எந்த ஸ்பிரிங், அது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கேம் செய்தவருக்கு எப்படித் தெரியும்?

கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு டாப்பெட். கேமின் மேட்டில் ஏறிய டாப்பெட்டைத் திரும்ப இறங்கும்போது கேமோடு ஒட்ட வைப்பது வால்வு ஸ்பிரிங்தான். அடியில் உருளை உள்ள ரோலர் டாப்பெட் சாதாரண டாப்பெட்டைவிடக் கனமானது. 454, 502 (கன அங்குலக் கொள்ளளவு) போன்ற எஞ்சின்களில் வால்வுகளும் பெரியவை. வேகம் கூடக் கூட இந்தக் கனம் ஸ்பிரிங்கின் பிடியை மீறும்; டாப்பெட் கேமை விட்டு எழும்பும். ஹைட்ராலிக் டாப்பெட்டின் வேலையே இடைவெளியை எண்ணெயால் நிரப்புவது. இப்போது தோன்றிய இடைவெளியையும் அது நிரப்பிவிடும். வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் திணறும், பலம் சட்டென்று விழும். அதையும் பொருட்படுத்தாமல் விரட்டினால் வால்வு பிஸ்டனில் மோதும்.

காரில் 6,000 சுற்று என்பது கியர் மாற்றும் முன் சில நொடிகள்தான். படகில் மாற்றுவதற்குக் கியர் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுதாகத் திறந்தால் நிமிடக்கணக்கில் அதே வேகத்தில் நிற்கும். படகு எஞ்சின் நிறுவனமான மெர்குரூசர் தன் 502 மேக்னம் எம்.பி.ஐ. எஞ்சினுக்கு முழுத் திராட்டில் வேகமாக 4,600 முதல் 5,000 வரைதான் வைத்தது. நல்ல ஸ்பிரிங் போட்டுக் கவனமாகக் கட்டிய 454 என்றால் முழு வேகம் 5,500, சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் 5,800. இதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. 350 எஞ்சினின் வால்வுகள் சிறியவை என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதலாக அனுமதிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் தீர்ந்துவிடுமே?

பதில்: ஓரளவுதான். ஹைட்ராலிக் டாப்பெட்டுக்குள் பாரத்தைத் தாங்குவது சிறைப்பட்ட எண்ணெய். ஸ்பிரிங் அளவுக்கு மீறி அழுத்தினால் அந்த எண்ணெய் கசிந்து, உள்ளே இருக்கும் பிளஞ்சர் அமுங்கும். வால்வு திறக்க வேண்டிய அளவு திறக்காது. வால்வு மூடிய நிலையில் 150 பவுண்டு, முழுதாகத் திறந்த நிலையில் 400 பவுண்டு என்ற அளவைச் சுற்றியே பெரும்பாலான ஹைட்ராலிக் ரோலர் அமைப்புகள் நிற்கின்றன. துல்லியமான எண்ணை உங்கள் டாப்பெட் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

அழுத்தத்தைக் கூட்டுவதைவிடக் கனத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம். அதிலும் வால்வுப் பக்கத்தில் குறைக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கரின் விகிதம் 1.7, வால்வுப் பக்கம் அதிகம் நகர்வதால் அங்கே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு அதிகம். ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கும் டைட்டானியம் ரிடெய்னரும், மேலே குறுகும் கூம்பு வடிவ ஸ்பிரிங்கும் நல்ல முதலீடு. டாப்பெட்டிலிருந்து ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு மட்டும் இதற்கு நேர்மாறு: சற்றுக் கனமானாலும் தடித்ததாகவே வாங்குங்கள். வளையும் புஷ்ராடு வால்வைத் துள்ள விடும்.

கேள்வி: அலையில் படகு எகிறும்போது எஞ்சின் அலறுகிறது. லிமிட்டர் இருக்கிறது, கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் சுமை அறவே இல்லாமல் போய், சுற்று ஒரே பாய்ச்சலாக ஏறும். லிமிட்டர் பற்றவைப்பைத் துண்டித்துக் காப்பாற்றுகிறது, உண்மை. ஆனால் அது கடைசி அரண். படகு எழும்பும் கணத்திலேயே திராட்டிலைப் பின்னுக்கு இழுக்கப் பழகுங்கள். கடல் பந்தயப் படகுகளில் சுக்கானுக்கு ஒருவர், திராட்டிலுக்கு மட்டும் தனியே ஒருவர் என்று அமர்வது இந்த வேலை அவ்வளவு முக்கியம் என்பதால்தான். லிமிட்டரை உங்கள் முழு வேகத்துக்கு 200, 300 சுற்று மேலே வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் பயனில்லை.

கேள்வி: முழுத் திராட்டிலில் 5,900 காட்டுகிறது. எப்படிக் குறைப்பது?

பதில்: பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கூடிய புரொப்பல்லர் போடுங்கள். ஓர் அங்குலம் கூட்டினால் சுமார் 150 முதல் 200 சுற்று குறையும். வழக்கமாக ஏற்றும் ஆட்களும் எரிபொருளும் படகில் இருக்கும்போதே சோதியுங்கள். தேவைக்கு மேல் கூட்டவும் கூடாது. எஞ்சின் முக்கி முக்கி ஓடி, பிஸ்டன்கள் பழுதாகும்.

கேள்வி: சாலிட் ரோலருக்கு (உள்ளே எண்ணெய் நிரம்பாத டாப்பெட்) மாறினால் 6,500 வரை போகலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: போகலாம், பந்தயப் படகுக்கு அது சரி. குடும்பத்தோடு ஏரிக்குப் போகும் படகுக்கு நான் சொல்ல மாட்டேன். கரையோரத்தில் மெதுவாக ஊர்ந்து போகும் நேரத்தில் எண்ணெய் குறைவாகவே தெறிக்கிறது; கனத்த ஸ்பிரிங்கும் சாலிட் டாப்பெட்டுக்கு விடும் இடைவெளியின் தட்டலும் சேர்ந்து ரோலருக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளைத் தின்றுவிடும். டாப்பெட்டுகளை அடிக்கடி கழற்றிப் பார்க்கவும் மாற்றவும் தயாராக இருக்க வேண்டும். அந்த வேகத்துக்கான பெரிய கேமில் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் அதிகம். நீர் கலந்து வெளியேறும் புகைக்குழாய் உள்ள படகில், மெதுவாக ஓடும்போது அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்படும் ஆபத்து உண்டு. கூடுதல் பலம் வேண்டுமென்றால் பெரிய எஞ்சினுக்குப் போங்கள், சுற்றைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: வால்வு ஸ்பிரிங்கை எப்போது மாற்றுவது?

பதில்: ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். புதிதில் இருந்ததைவிடப் பத்து சதவீதம் குறைந்திருந்தாலோ, துருப்புள்ளி தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள். துருப்புள்ளியில்தான் விரிசல் தொடங்கும். ஸ்பிரிங் உடைந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழக்கூடும், எஞ்சினே போய்விடலாம். மாற்றும்போது பதினாறையும் சேர்த்தே மாற்றுங்கள்.