வாக்ஸிங் செய்த பத்தே நாளில் கால் முடி திரும்புகிறதா?

முன்பு ரேஸர் போட்டதால் முடி தடித்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தானாக வளரும் முடியின் நுனி மெலிந்திருக்கும். பிளேடு குறுக்கே வெட்டுவதால் நுனி மொட்டையாகிச் சொரசொரவென்று குத்தும், அவ்வளவுதான். வேர் தோலுக்குள் இருக்கிறது, பிளேடு அதைத் தொடுவதே இல்லை.

பத்து நாளில் தெரிகிறதென்றால், பெரும்பாலும் முடி வேரோடு வராமல் ஒடிந்திருக்கிறது. ஷேவ் செய்த ஒரு வாரத்திலேயே பார்லருக்குப் போனால் இப்படித்தான். முடி கால் அங்குலமாவது இருந்தால்தான் வாக்ஸ் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்த முறை உரித்த துணியை வெளிச்சத்தில் பாருங்கள். முடிகளின் ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்திருக்கிறது. அப்படி வந்தால் பொதுவாக 3 முதல் 6 வாரம் தாங்கும். ஆனால் அன்று தோலுக்கு வெளியே வராமல் இருந்த முடிகள் முன்னதாகவே தலைகாட்டும். அதற்குப் பார்லர்காரரைத் திட்டிப் பயனில்லை.

லேசர் கறுப்பு முடியை நன்றாகக் குறைக்கும், ஆனால் முழுதாக ஒழிக்காது. நம் மாநிறத் தோலுக்கு என்டி-யாக் (Nd:YAG) வகை லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். எலக்ட்ராலிசிஸ் நிரந்தரம்தான், ஆனால் ஒவ்வொரு முடியின் வேரையும் தனித்தனியாக மின்சாரத்தால் சுட வேண்டும். இரண்டு காலுக்கும் யார் உட்கார்ந்திருப்பது!

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் வாக்ஸ் வேண்டவே வேண்டாம், தோலும் சேர்ந்து உரியும். அப்புறம், தாடையிலும் முடி தடித்து மாதவிலக்கும் தள்ளிப்போனால், முதலில் டாக்டரிடம் ஹார்மோன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.