துக்க வீட்டில் பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. நேற்றிரவு மாமனார் தவறிவிட்டார். ஐந்து வயது மகளிடம், "தாத்தா தூங்குகிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். உடலைக் காட்டலாமா?

பதில்: காட்டலாம். அதற்கு முன் அந்தத் தூக்கக் கதையை விட்டுவிடுங்கள். தூங்கியவரைப் பாடையில் கட்டித் தூக்கிப் போவதைப் பார்த்தவள் இன்றிரவு எப்படிக் கண் மூடுவாள்? "தாத்தா செத்துப்போய்விட்டார். இனி மூச்சு விடமாட்டார், அவருக்குப் பசிக்காது, வலிக்காது" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் நமக்குத்தான் கசக்கிறது. நாளைக்கே, "தாத்தா எப்போது வருவார்?" என்று கேட்பாள். அந்த வயதில் சாவு என்பது ஊருக்குப் போய்வருவதைப் போலத்தான். ஹங்கேரியப் பிள்ளைகளிடம் பேசி உளவியலாளர் மரியா நாகி 1948இல் எழுதியதும் இதையே. சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டி, ஒப்பாரி, பறைச் சத்தம் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். காரியங்களில் வேலை இல்லாத ஒருவர் அவளுடனேயே இருக்கட்டும்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டுமாம். எட்டு வயதுப் பையன் பயப்படுகிறான்.

பதில்: நம் சடங்குகளில் பேரப்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. என் ஆச்சிக்குப் பந்தம் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. குச்சியில் சுற்றிய துணியிலிருந்து சூடான நெய் புறங்கையில் சொட்டியது. கையை உதறாமல் சுற்றி வந்தேன். ஆச்சிக்கு நானும் ஒன்று செய்தேன் என்ற நினைப்பு இன்றுவரை இருக்கிறது. குச்சியை நீளமாக வைக்கச் சொல்லுங்கள், தாய்மாமன் கூடவே கை கொடுத்துப் பிடிக்கட்டும். அப்படியும் மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். வாய்க்கரிசி போடட்டும், இல்லையென்றால் ஒரு பூ வைக்கட்டும்.

கேள்வி: விபத்தில் தம்பியை இழந்துவிட்டோம். அவனுடைய பத்து வயது மகன்தான் மொட்டையடித்துக் கொள்ளி வைக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அவனை யாராவது கேட்டீர்களா ஐயா? குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றும்போது அதில் ஓட்டை போடுவார்கள், தண்ணீர் முதுகில் வழியும், கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைக்க வேண்டும். இவ்வளவையும் அவனுக்குச் சொல்லுங்கள். சம்மதித்தால் கூடவே நடங்கள். மறுத்தால் பெரியப்பா நீங்கள் இருக்கிறீர்களே, குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவன் உங்கள் கையைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை" என்று அவன் தோளைத் தட்ட ஒருவர் கட்டாயம் வருவார். அவரை அப்படியே வெளியே அழைத்துப்போய்க் காபி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: தகப்பன் செத்த வீட்டில் பிள்ளை சிரித்து விளையாடுகிறதே?

பதில்: விளையாடட்டும். பதினாறாம் நாள் முடிந்து, பந்தல் பிரித்து, உறவினர்கள் பஸ் ஏறிய பிறகுதான் பல பிள்ளைகள் அழத் தொடங்குவார்கள். அன்றைக்கு நீங்கள் அந்த வீட்டில் இருங்கள்.