காலனி ஆட்சிக் காலத்து இந்திய மன்னர்களின் படங்கள் ஏன் ஒரே சாயலில் இருக்கின்றன?

அரசவை உருவப்படம் என்பது மன்னரின் முகத்தைக் காட்டுவதற்காக மட்டுமன்றி, அவருடைய தகுதியைப் பறைசாற்றுவதற்காகவும் வரையப்பட்ட ஓவியம். பின்னணியில் தூண், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலை, வாளின் பிடியில் ஊன்றிய கை ஆகியவை ஐரோப்பிய அரச ஓவிய மரபிலிருந்து வந்தவை. உண்மையான அதிகாரம் ஆங்கிலேயரிடம் சென்றுகொண்டிருந்த காலத்தில், அவர்களுக்குப் புரியும் காட்சி மொழியிலேயே தம் மதிப்பை நிலைநாட்ட மன்னர்கள் விரும்பினர். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 18ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் ஓவியர்களான டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் ஆகியோரைக் கொண்டு தம்மை வரையச் செய்து, சில படங்களை இங்கிலாந்துக்கும் அனுப்பினார். இத்தகைய படங்களை அருகே சென்று பார்த்தால், முத்துமாலையின் ஒவ்வொரு மணியும் சாம்பல் நிறத்தின்மேல் இட்ட ஒரு வெள்ளைப் புள்ளிதான். முகத்தைவிட நகைக்கே ஓவியர் அதிகம் உழைத்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பட்டுடுத்தி, இரவல் நகையும் பூட்டி, சிங்கப்பூரின் தேக்கா வட்டார ஸ்டூடியோவில் திரைக்கு முன் நின்று எடுத்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் நாம் மாட்டும் குடும்பப் படமும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த அரசவைப் படங்களையெல்லாம் வெள்ளையரே வரைந்தனர் என்று பலர் எண்ணுவது தவறு: கேரளத்தின் கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவி வர்மா திருவிதாங்கூர், பரோடா, மைசூர் அரச குடும்பத்தினரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர்.