சிக்கனக்காரர் வீட்டில் ஒரு பட்டுப்புடவை

கேள்வி: எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 46,000 ரூபாய். எட்டு வருடமாகக் கணக்கு நோட்டு எழுதி, வீட்டுக் கடன் தவணை போக மாதம் 7,000 மிச்சம் பிடிக்கிறேன். வருகிற தை போய் அதற்கடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். அசல் காஞ்சிப் பட்டு ஒன்று கட்டிக்கொள்ள ஆசை. கடையில் 24,000 சொல்கிறார்கள். கிரெடிட் கார்டில் எடுத்துவிட்டு மெல்லக் கட்டலாம் என்கிறார் கணவர். இத்தனை நாள் கட்டுச்செட்டாக இருந்ததெல்லாம் ஒரே நாளில் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வாங்குங்கள் சகோதரி. எட்டு வருடம் பைசா பிசகாமல் கணக்கு எழுதியவர், தனக்கென்று ஒரு புடவைக்கு இப்படித் தயங்குவதைப் படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரி ஒரு நாளைத் தைரியமாகக் கொண்டாடத்தானே இவ்வளவும் சேர்த்தீர்கள்?

கார்டு மட்டும் வேண்டாம். முழுத் தொகையையும் கட்டாமல் தள்ளிப்போட்டால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் அளவுக்கு வட்டி வரும். 24,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியே 840 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 151 ரூபாய். ஆக 991. பில்லில் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று போட்டு 1,200 கேட்பார்கள். அதை மட்டும் கட்டினால் அசலில் இருநூறு சொச்சம்தான் கழியும். மிச்சத்தை ஆற அமரக் கட்டிக்கொண்டே இருந்தால், கட்டி மகிழ்ந்த புடவை மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

உங்களுக்கு நாள் இருக்கிறது. 7,000-ல் 2,000-ஐத் தனியாகப் பிரித்து வங்கியில் 12 மாத ஆர்.டி. போடுங்கள். அஞ்சலகத்து ஆர்.டி. இதற்குச் சரிப்படாது. அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்கவும் விட மாட்டார்கள். இந்த ஐப்பசியில் தொடங்கினால் அடுத்த தீபாவளியை ஒட்டிப் பணம் கையில் இருக்கும். தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி தருவது வழக்கம் என்பதால், அதையும் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம்.

பணத்தைவிட எனக்குக் கவலை, அந்த 24,000-க்கு அசல் கிடைக்க வேண்டுமே என்பதுதான். சில்க் மார்க் அட்டையைக் காட்டி 'எல்லாம் ஒரிஜினல்' என்பார்கள். அந்த அட்டை பட்டு தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்ததா, விசைத்தறியா என்று அது சொல்லாது. அதற்குத் தனியாகக் கைத்தறி முத்திரை இருக்கிறது. சரிகையைப் பற்றி இரண்டுமே பேசாது. விலையில் பெரிய வித்தியாசம் வருவதே சரிகையில்தான். அசல் சரிகையில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை, அதன்மேல் தங்க முலாம் இருக்கும். பழைய பட்டுப்புடவை எடுப்பவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் காசு தருகிறார்கள். 'ஹாஃப் ஃபைன்' என்று கடைக்காரர்கள் சொல்லும், வெள்ளிக்குப் பதில் செம்பு இழை வைத்த சரிகைக்கு அந்த மதிப்பு கிடையாது. அதை வாங்குவது தப்பில்லை, ஆனால் அசல் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

'தூய பட்டு, கைத்தறி, சரிகை இன்ன வகை' என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் எடுக்க வேண்டாம். பின்னால் ஏமாற்றம் தெரிந்தால் அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: எனக்கு வேறு செலவே கிடையாது, நல்ல ஃபில்டர் காபி ஒன்றுதான். விலை ஏறிவிட்டதால் சிக்கரி கலந்த பாக்கெட்டுக்கு மாறச் சொல்கிறான் மகன். (ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்)

பதில்: மாற வேண்டாம் ஐயா. பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை என்று அச்சிட்டே ஆக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் விதி. 53-க்கு 47 கலவையில் 200 கிராம் வாங்கினால் உள்ளே இருக்கும் காபி 106 கிராம். அந்த விலையை 106-ஆல் வகுத்துப் பாருங்கள், கடையில் கண்ணெதிரே அரைத்துத் தரும் காபியின் விலைக்கு எவ்வளவு கிட்டே போகிறது என்று தெரியும். சிக்கரி ருசி பிடித்திருந்தால் அது வேறு விஷயம். வாரத்துக்கு 100 கிராம் மட்டும் அரைத்து வாங்குங்கள், மணமும் போகாது, வீணும் ஆகாது. சோப்பு, பருப்பு, எண்ணெய் வாங்கும்போது பாக்கெட்டில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம். காபிக்குக் கூடுதலாகும் காசு அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: மகளுக்கு நோ காஸ்ட் இஎம்ஐயில் போன் வாங்கலாமா? வட்டியே இல்லையாம். (வாசகர், மதுரை)

பதில்: வட்டி இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லி, அப்படிப்பட்ட திட்டங்களை நிறுத்தச் சொன்னது. இப்போது வங்கி போடும் வட்டிக்கு ஈடாக விலையில் தள்ளுபடி காட்டுகிறார்கள். வட்டி மீதான ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். 'முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?' என்று முதலில் கேளுங்கள். அதற்கும் தவணை விலைக்கும் உள்ள வித்தியாசம் சில நூறுதான், தவணையும் தவறாது என்றால் சரி, வாங்குங்கள்.

கேள்வி: மாதம் ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவோம். போன முறை 1,400 ரூபாய் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று 140 சேர்த்திருந்தார்கள். கட்டத்தான் வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம். ஓட்டல்கள் தாங்களாகவே அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஜிஎஸ்டி வேறு, அது கட்ட வேண்டியதுதான். எடுக்கச் சொல்லியும் எடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பில்லோடு புகார் கொடுங்கள். பரிமாறியவர் அன்பாகக் கவனித்தார் என்றால் அந்த 140-ஐ அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.