அந்த நாள்களா, அந்த நாட்களா?

"மனத்தாங்கல் இல்லாமல், சிரித்துக்கொண்டே போட்ட இலக்கணச் சண்டை ஏதும் உங்களுக்கு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இன்னும் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தூர்தர்ஷனில் வாராவாரம் சினிமாப் பாட்டு பார்த்த பழைய நினைப்பு வந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "ஒளியும் ஒலியும் பார்த்த அந்த நாட்கள் இனி வராது." உடனே பெரியம்மா மகளிடமிருந்து பதில்: "நாட்கள் இல்லைடா, நாள்கள். நாட்கள் என்றால் நாள்பட்ட கள். தெரியுதா?"

விட மனமில்லை. கல் கற்கள் ஆகிறது, முள் முட்கள் ஆகிறது, நாள் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அக்கா தமிழ் படித்தவள். விளக்கம் எதுவும் சொல்லாமல், திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள். தோள்? தோள்கள். வாள்? வாள்கள். தேள்? தேள்கள் என்று தட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கல், சொல், பல், முள் எல்லாம் குறில். அவைதான் கற்கள், சொற்கள், பற்கள், முட்கள் என்று மாறுகின்றன. கால், நூல், வேல், தோள் எல்லாம் நெடில், அவை மாறுவதில்லை. நாள் எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கக் 'காற்கள்' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாய்க்கு இது தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் ஆட்களைக் கொண்டுவந்தேன். ஆள் நெடில்தானே? "நாலு ஆள்களைக் கூட்டிவா" என்று யார் சொல்கிறார்கள்? ஆள்கள்தான் சரி, மற்றது புழக்கத்தில் வந்துவிட்டது என்றாள். நாட்காட்டி, நாட்குறிப்பு, நாட்கூலி என்று அடுக்கினேன். அவையெல்லாம் இரண்டு சொல் சேர்ந்தவை, 'கள்' வெறும் விகுதி என்று வெட்டினாள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கும் வேர் இதுதான். வாழ்த்துகளில் நான் அக்கா கட்சி. ஆனால் நாட்களை விடமாட்டேன். நாட்குறிப்பும் நாட்கூலியும் கேட்டே பழகிய காது அது. விதியை ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு அதுதான் இனிக்கிறது.

இந்த இடத்தில் சித்தப்பா மகன் உள்ளே வந்தான். டிவியில் பாட்டு பாதியில் நின்று "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை வருமே, அது எத்தனை தடவை வந்தது, 'தடங்கற்களுக்கு' என்றல்லவா போட்டிருக்க வேண்டும் என்றான். அக்கா அவனையும் திருத்தினாள்: தடங்கல்கள். விரல், குரல் மாதிரி நீண்ட சொல்லிலும் ல் மாறாதாம். அந்த அட்டையில் இருந்த எழுத்துகளை எழுத்துக்கூட்டித்தான் நான் வேகமாக வாசிக்கப் பழகினேன் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. (பத்து வருஷங்கள் என்று எழுதவில்லை, கவனியுங்கள். எண் முன்னால் வந்தால் பேச்சில் நமக்குக் 'கள்' தேவைப்படுவதே இல்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று ஒரே பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் நிற்பதை நன்னூல் 'பால்பகா அஃறிணை' என்று சொல்கிறது. சித்தப்பா இதை வைத்து, நாள் என்றே எழுதிவிட்டுத் தூங்குங்கள் என்று தீர்ப்பு சொன்னார். இருவருமே கேட்கவில்லை.) 1987-இல் ராமாயணம் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சொல் இந்தி தெரியாமலே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஆனால் வெள்ளிக்கிழமைதான் எங்கள் நாள். விவசாய நிகழ்ச்சியான வயலும் வாழ்வும் ஓடினால்கூட எழுந்திருக்க மாட்டோம், உட்கார்ந்த இடம் போய்விடும்.

பாட்டு தொடங்கும் நேரம் பார்த்துப் படம் ஆடும். அக்காதான் மொட்டை மாடிக்கு ஓடுவாள். ஆன்டெனாக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே மேலிருந்து கத்துவாள்: "தெரியுதா?" நான் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "புள்ளி புள்ளியா இருக்கு!" "இப்போ?" "இன்னும் கொஞ்சம்!" படம் தெளிந்து அவள் இறங்கி வருவதற்குள் பாதிப் பாட்டு முடிந்திருக்கும். அந்த முதல் பாதிப் பாட்டையெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. 1993-இல் சன் டிவி வந்து, வீட்டுக்குக் கேபிளும் இழுத்த பிறகுதான் அவளுக்கு மாடியிலிருந்து விடுதலை.

போன வாரம்கூட ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "பொருட்கள் இல்லை, பொருள்கள். தெரியுதா?"

"புள்ளி புள்ளியா தெரியுது அக்கா, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று எழுதினேன்.